ஐந்தொகை பொருந்தாத இடம்

1951இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்றொரு கணினி இருந்தது. அன்றைக்கு உலகத்தில் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய கணினிகளில் ஒன்று. உடலியலாளர் ஆண்ட்ரூ ஹக்ஸ்லிக்கு அது தேவைப்பட்ட நேரம் பார்த்து, மாற்றியமைக்கும் வேலைக்காக ஆறு மாதம் நிறுத்திவிட்டார்கள். அவர் காத்திருக்கவில்லை. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கூட்டலும் பெருக்கலும் செய்கிற பிரன்ஸ்விகா இயந்திரத்தை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊசிக்கணவாயின் உடலில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நரம்பிழை ஓடுகிறது. அதில் ஒரு மின்துடிப்பு எழுந்து அடங்கச் சில மில்லிவினாடிகள் போதும். அந்தச் சில மில்லிவினாடிகளைக் காகிதத்தில் நடத்திக் காட்ட ஹக்ஸ்லி வாரக்கணக்கில் கைப்பிடி சுற்றினார்.

கடைசியில் கிடைத்த எண் இது: துடிப்பு நரம்பில் வினாடிக்கு 18.8 மீட்டர் ஓட வேண்டும். ஆய்வகத்தில் அளந்தபோது 21.2 மீட்டர் ஓடியது.

இந்த நெருக்கத்தை இன்றுவரை ஏன் வியந்து சொல்கிறார்கள்? ஹக்ஸ்லியும் அவரோடு பணியாற்றிய ஆலன் ஹாட்ஜ்கினும் தங்கள் சமன்பாடுகளை எழுதியது ஓடுகிற துடிப்பைப் பார்த்து அல்ல. நரம்பின் மின்னழுத்தத்தை ஓர் அளவில் பிடித்து நிறுத்தினார்கள். சோடியம் எவ்வளவு உள்ளே வருகிறது, பொட்டாசியம் எவ்வளவு வெளியே போகிறது என்று தனித்தனியே அளந்தார்கள். வேகம் என்ற ஒன்று அந்தச் சோதனைகளில் எங்குமே இல்லை. பிரித்து அளந்ததை மறுபடி சேர்த்துக் கணக்குப் போட்டபோது அது தானாக வந்து நின்றது. 1952இல் கட்டுரைகள் வெளிவந்தன. 1963இல் இருவருக்கும் நோபல் பரிசு.

பொட்டாசியம் போகும் வாயில் திறக்க வேண்டுமானால் நான்கு துகள்கள் ஒருசேர இடம் மாற வேண்டும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வருகிறது என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். அப்படி ஒரு வாயிலை அப்போது யாரும் கண்டதில்லை. 1998இல் ராடெரிக் மக்கினனின் குழு ஒரு பொட்டாசியம் வாயிலின் வடிவத்தை எக்ஸ் கதிரில் கண்டது. ஒரே மாதிரியான நான்கு துண்டுகள் கூடி நின்றன. ஆனால் 1952 கட்டுரையின் ஆசிரியர்கள் இதற்கு முன்கூட்டியே ஒரு கடிவாளம் போட்டிருந்தார்கள்: எங்கள் சமன்பாடு பொருந்துகிறது என்பதற்காக நாங்கள் வரைந்த படம் உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்ற பொருளில். அந்த எச்சரிக்கையை நான் அவர்களுடைய சமன்பாட்டுக்குச் சமமாக மதிக்கிறேன்.

உயிரை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்ப்பதோடு நிற்காமல், பிரித்ததை எல்லாம் கணினியில் சேர்த்து முழுதாக ஓட்டிப் பார்க்கும் துறைக்கு இன்று சிஸ்டம்ஸ் பயாலஜி என்று பெயர். 2000இல் லீராய் ஹூட் சியாட்டிலில் அந்தப் பெயரிலேயே ஒரு நிறுவனம் தொடங்கினார். மரபணுத் தொகைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. உதிரிகளின் பட்டியல் கைக்கு வந்துவிட்டது. சேர்த்தால் என்ன ஆகும் என்பது தெரியவில்லை. அன்றிலிருந்து இத்துறை பற்றிய செய்திகள் பெரும்பாலும் ஒரே ராகத்தில் வருகின்றன: கணினிக்குள் உயிரைப் படைத்துவிட்டார்கள், படைக்கப் போகிறார்கள். எனக்கு இந்த ராகம் பிடிப்பதில்லை. இத்துறை செய்கிற வேலை அதைவிட அடக்கமானது, அதைவிடப் பயனுள்ளதும்கூட. பழைய மளிகைக்கடைகளில் ஆண்டு முடிவில் பேரேட்டை விரித்து ஐந்தொகை எடுப்பார்கள். வரவும் செலவும் பொருந்திவிட்டால் கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போகலாம். பொருந்தாவிட்டால் அன்றிரவுதான் கடையில் உண்மையில் என்ன நடந்தது என்பது வெளியே வரும். உயிரைக் கணக்கிடுவதிலும் விஷயம் பொருந்தாத இடத்தில்தான் இருக்கிறது.

டெனிஸ் நோபிள் கதையிலிருந்து இதைச் சொல்லலாம். அவர் 1960 வாக்கில் லண்டனில் ஆராய்ச்சி மாணவர். ஹாட்ஜ்கின் – ஹக்ஸ்லி சமன்பாடுகளை இதயத் தசைக்கு மாற்றி எழுதினால் துடிப்பு தானாக வருமா என்று பார்க்க நினைத்தார். லண்டன் பல்கலைக்கழகத்தில் ஃபெர்ரான்டி மெர்குரி என்ற கணினி இருந்தது. உயிரியல்காரனுக்கு அதில் என்ன வேலை என்பதுதான் முதலில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு. சமன்பாட்டில் ஊசலாட்டத்தை உண்டாக்கும் உறுப்பு எங்கே என்று கேட்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஒருவழியாக, யாரும் விரும்பாத நேரத்தை ஒதுக்கிக் கொடுத்தார்கள்: அதிகாலை இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை.

துடிப்பு வந்தது. இதயத்தில் தாளத்தைத் தொடங்கிவைக்கும் திசு உண்டு என்பது பள்ளிப் பாடம். ஆனால் அந்தச் செல்லுக்குள் இறங்கிப் பார்த்தால் தாளத்துக்கென்று தனியாக ஒரு மூலக்கூறு கிடையாது. மின்னழுத்தம் வாயில்களை மாற்றுகிறது. வாயில்கள் மின்னழுத்தத்தை மாற்றுகின்றன. இந்தச் சுற்றுதான் தாளம். கணக்கில் இந்தச் சுற்றை ஓரிடத்தில் வெட்டி, மின்னழுத்தத்தை மாறாமல் நிறுத்திவிட்டால், எல்லா வாயில்களும் அப்படியே இருக்கத் துடிப்பு மட்டும் இல்லாமல் போகிறது. முழுமை என்ற சொல்லைத் தத்துவக்காரர்கள் எளிதாக வாரி இறைப்பார்கள். இங்கே அதற்கு ஒரு சமன்பாடும் ஒரு சோதனையும் இருக்கின்றன.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். 1975இல் நோபிளும் சகாக்களும் இதயத்தின் புர்கின்ஜி இழைகளுக்கு இன்னும் விரிவான மாதிரியை வெளியிட்டார்கள். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே மின்னழுத்தம் மெல்ல ஏறுவதற்குக் காரணம், வெளியே போய்க்கொண்டிருக்கும் ஒரு பொட்டாசிய மின்னோட்டம் மெல்லக் குறைவதுதான் என்று அது சொன்னது. சோதனை வரைபடங்களோடு அழகாகப் பொருந்தியது. பாடப்புத்தகங்களுக்கும் போனது. 1981இல் டாரியோ டிஃபிரான்செஸ்கோ அந்த மின்னோட்டத்தையே தலைகீழாக்கினார்: வெளியே போவது குறையவில்லை, உள்ளே வருவது கூடுகிறது. இழைகளின் நெருக்கமான இடுக்குகளில் பொட்டாசியத்தின் அளவு மாறிவிடுவதால் அளவீடுகள் அப்படித் தோற்றம் காட்டியிருந்தன. நோபிள் சண்டைக்குப் போகவில்லை. டிஃபிரான்செஸ்கோவோடு உட்கார்ந்து 1985இல் புதிய மாதிரியை எழுதினார். இம்முறை எந்த அயனி எந்த இடத்தில் எவ்வளவு சேர்கிறது, எந்தப் பம்பு அதை வெளியேற்றுகிறது என்ற கணக்கும் உள்ளே வந்தது. முதல் பேரேட்டில் அந்தப் பத்தியே இல்லை. அதனால்தான் பொய் பொருந்தியது.

உள்ளே வருகிற அந்த மின்னோட்டத்தைக் குறிவைத்துச் செயல்படுகிற ஐவாபிரடின் என்ற மாத்திரையை இன்று இதய மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். இதயத் துடிப்பின் வேகத்தை அது குறைக்கிறது. மின்னோட்டத்தின் திசையைத் தவறாகவே நம்பியிருந்தால் அந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பது விளங்கியிருக்காது.

இதயத்தை விடுவதற்கு முன் மருந்துகள் பற்றி இன்னும் ஒன்று. டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரை 1990களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இதயத்தின் ஒரு குறிப்பிட்ட பொட்டாசிய வாயிலை அது அடைத்துச் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான தாளப் பிறழ்வை உண்டாக்கியது. அதிலிருந்து அந்த வாயிலை அடைக்கும் எந்த மருந்தும் சந்தேகத்துக்கு உரியதானது. ஆனால் இரத்த அழுத்தத்துக்கும் இதயத் தாளத்துக்கும் நெடுங்காலமாகக் கொடுத்துவரும் வெராபமில்லும் அதே வாயிலைத்தான் அடைக்கிறது. அது அந்தப் பிறழ்வைத் தூண்டுவதில்லை. காரணம், கால்சிய வாயிலையும் அது சேர்த்தே அடைக்கிறது. ஒன்றின் விளைவை மற்றொன்று ஈடுகட்டுகிறது. ஒரு வாயிலை மட்டும் தட்டில் வைத்துச் சோதித்தால் இரண்டு மருந்தும் ஒன்றுபோலத் தெரியும். எல்லா வாயில்களையும் சேர்த்து ஓட்டும் கணக்கில் மட்டும் இரண்டும் பிரிகின்றன. புதிய மருந்துகளைச் சோதிக்க இத்தகைய இதயச் செல் கணக்குகளைப் பயன்படுத்தும் முயற்சியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் மற்றவர்களும் 2013இல் தொடங்கினார்கள். முழுதாகக் கணக்கிடுவதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான நியாயம் இதுதான்.

இதயச் செல்லின் கணக்கு என்றாலும் அது மின்சாரக் கணக்கு மட்டுமே. ஒரு செல்லில் நடக்கிற அனைத்தையும் போட்டுப் பார்த்தால்? 2012இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க்கஸ் கோவர்ட்டின் குழு அதைச் செய்தது. எடுத்துக்கொண்ட உயிர் மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டேலியம். மனிதர்களின் சிறுநீர்ப் பாதையிலும் பிறப்புறுப்பிலும் தொற்றி வாழும் பாக்டீரியா. அதற்கு 525 மரபணுக்களே உண்டு என்பதால் தேர்ந்தெடுத்தார்கள். 900க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைத் துழாவி 1900க்கும் மேற்பட்ட அளவீட்டு எண்களைத் திரட்டினார்கள். செல்லின் வேலைகளை 28 பகுதிகளாகப் பிரித்தார்கள். உணவைச் செரிப்பதற்கு ஒரு வகைக் கணிதம், ஆர்.என்.ஏ. சிதைவதற்கு வேறொரு வகை, செல் இரண்டாகப் பிரிவதற்கு மூன்றாவது வகை. ஒவ்வொரு வினாடிக்கும் 28 பகுதிகளும் தனித்தனியாக ஓடும்; வினாடி முடிந்ததும் தங்கள் இருப்பைப் பொதுவில் கொண்டுவந்து வைக்கும்; அடுத்த வினாடிக்கு அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு செல் பிறந்து பிரிவதை ஓட்டிக் காட்டக் கணினிக்கு ஏறக்குறைய பத்து மணி நேரம் ஆனது. உண்மையான பாக்டீரியாவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் எடுத்துக்கொள்கிறது. இது தற்செயல், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.

பத்திரிகைகள் இதைக் கணினியில் பிறந்த முதல் உயிர் என்ற அளவில் கொண்டாடின. கட்டுரையைப் படித்தால் வேறு முகம் தெரிகிறது. இந்தப் பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்ப்பது கடினம், மெதுவாகத்தான் வளரும். அதனால் அதைப் பற்றி நேரடியாக அளந்த எண்கள் குறைவு. பல எண்கள் ஈ. கோலை போன்ற வேறு பாக்டீரியாக்களிலிருந்து கடன் வாங்கியவை. ஆக, அந்தக் கணினி மாதிரி உண்மையான எந்த ஒரு செல்லுமல்ல. பல உயிர்களின் எண்களை ஒட்டுப்போட்ட துணி. இதை அவர்கள் மறைக்கவும் இல்லை.

அடுத்த ஆண்டே அதே குழு ஒரு காரியம் செய்தது. மரபணுக்களை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்த பாக்டீரியாக்களின் வளர்ச்சியை ஆய்வகத்தில் அளந்து, மாதிரி சொன்னதோடு ஒப்பிட்டார்கள். பொருந்தாத இடங்களை மட்டும் பொறுக்கினார்கள். இந்த நொதியின் வேகம் நாம் கடன் வாங்கிய எண்ணாக இருக்க முடியாது, இன்ன அளவில்தான் இருக்க வேண்டும் என்று மாதிரியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். பிறகு அவற்றில் சில நொதிகளின் வேகத்தை உண்மையில் அளந்தபோது, திருத்திச் சொன்ன எண்ணுக்கு அருகில் இருந்தது. 2012 கட்டுரையைவிட இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். செய்தித்தாள்களில் இதற்கு இடமே கிடைக்கவில்லை.

2020இல் அதே ஆய்வகம் ஈ. கோலைக்கு இன்னும் பெரிய பேரேட்டைத் திறந்தது. ஈ. கோலையை உலகமே எழுபது எண்பது ஆண்டுகளாக அளந்துவருகிறது. 19,000க்கும் மேற்பட்ட எண்கள் திரட்டப்பட்டன. வெவ்வேறு ஆய்வகங்கள், வெவ்வேறு பத்தாண்டுகள், வெவ்வேறு கருவிகள். ஒவ்வொன்றும் தன்னளவில் மதிப்புள்ள அளவீடு. எல்லாவற்றையும் ஒரே செல்லுக்குள் வைத்து ஓட்டியதும் முரண்கள் வெளியே வந்தன. அளக்கப்பட்ட எண்ணிக்கையில் புரதம் கட்டும் ரைபோசோம்களும் ஆர்.என்.ஏ. எழுதும் நொதிகளும் அளக்கப்பட்ட வேகத்தில் வேலை செய்தால், அளக்கப்பட்ட நேரத்துக்குள் செல் இரண்டாக முடியாது. மூன்றும் அளந்தவை, மூன்றும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. தனித்தனிக் கட்டுரைகளைப் படித்துக்கொண்டே போகும் எந்த அறிஞரும் இதைக் கண்டிருக்க முடியாது. இன்னொன்றும் தெரிந்தது: செல் பிழைக்க அவசியம் என்று கருதப்படும் சில புரதங்கள் ஒரு செல்லின் வாழ்நாளில் சில நேரம் அதற்குள் ஒன்றுகூட இல்லாமல் போகின்றன. இருந்தும் செல் வளர்கிறது. அவசியம் என்று எதைச் சொல்கிறோம் என்பதையே உயிரியலாளர்கள் மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று.

கணக்கு தவறினால் கணக்கு மட்டுமே குற்றவாளி என்றும் இல்லை. கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் பெர்னார்ட் பால்சன் குழு, செல்லுக்குள் ஒவ்வொரு வேதிவினையும் எந்த வேகத்தில் நடக்கிறது என்பதை விட்டுவிட்டு, உள்ளே வரும் பொருளும் வெளியே போகும் பொருளும் சமமாக இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை வைத்துச் செல்லின் வளர்ச்சியைக் கணக்கிட்டது. கிளிசராலை உணவாகக் கொடுத்தால் ஈ. கோலை இன்ன வேகத்தில் வளரலாம் என்று கணக்கு சொன்னது. பாக்டீரியா அதைவிட மெதுவாக வளர்ந்தது. கணக்கைத் திருத்தாமல் அதே கிளிசராலில் பாக்டீரியாவை வளர்த்துக்கொண்டே போனார்கள். நாற்பது நாள், ஏறத்தாழ 700 தலைமுறை. பாக்டீரியா பரிணமித்துப் பரிணமித்து, கணக்கு சொன்ன எண்ணில் வந்து நின்றது. 2002இல் இது வெளியானது. கணக்கு சொன்னது பாக்டீரியாவின் எல்லையை. அன்றைக்கு அது இருந்த இடத்தை அல்ல. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் மாதிரி தோற்றது என்று எழுதியிருந்தால் அழகான ஓர் உண்மை கைநழுவியிருக்கும்.

இதே முறை 2005இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் காசநோய்க் கிருமிக்குப் பயன்பட்டது. அந்தக் கிருமியின் மேலுறை மெழுகு போன்ற மைக்காலிக் அமிலத்தால் ஆனது. அது உருவாகும் வழியில் உள்ள 219 வேதிவினைகளையும் எழுதி, எந்தப் புரதத்தை எடுத்துவிட்டால் உறை நின்றுபோகும் என்று கார்த்திக் ராமனும் நாகசுமா சந்திராவும் சகாக்களும் பார்த்தார்கள். ஐசோனியசிட் மாத்திரை தாக்குகிற புரதம் அந்தப் பட்டியலில் வந்தது. மருந்து இன்னும் குறிவைக்காத வேறு சிலவும் வந்தன. காசநோயை நெடுங்காலமாகச் சுமந்துவரும் நாட்டுக்கு இத்தகைய கணக்கு ஆடம்பரமல்ல.

இவ்வளவு சொன்னபிறகு துறையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2009இல் நரம்பியலாளர் ஹென்றி மார்க்ரம் பத்து ஆண்டுகளில் மனித மூளையைக் கணினியில் கட்டிவிடலாம் என்று மேடையில் பேசினார். 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை ஒட்டிப் பெரும்பணத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. மறு ஆண்டே நூற்றுக்கணக்கான நரம்பியலாளர்கள் கண்டனக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். பிறகு தலைமை மாறியது, நோக்கம் சுருங்கியது. 2023இல் திட்டம் முடிந்தது. மூளை வரைபடங்களும் கணினிக் கருவிகளும் மிஞ்சின. மூளை வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. 302 நரம்புச் செல்களே உள்ள ஒரு மில்லிமீட்டர் புழுவின் நரம்பிணைப்புகளை 1986இலேயே ஏறக்குறைய முழுதாக வரைந்துவிட்டார்கள். அது அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதைச் சொல்லும் கணக்கு இன்றும் முடியவில்லை. எந்த நரம்பு எதோடு இணைந்திருக்கிறது என்பது தெரிந்தாலும், அந்த இணைப்பு தூண்டுகிறதா தடுக்கிறதா, எவ்வளவு வலுவாக, எந்த வேதிப்பொருள் சூழ்ந்திருக்கும்போது என்பது தெரிந்துவிடாது. மார்க்ரமின் மூளைத் திட்டத்துக்கு முன்வைக்கப்பட்டது எப்படிப் பொருந்தும் என்ற வாக்குறுதி. எங்கே தவறினால் என்ன கற்போம் என்ற திட்டம் அதில் இல்லை. என் கண்ணில் அதுதான் அதன் குறை, பணம் இரண்டாம்பட்சம்.

இப்போது செயற்கை நுண்ணறிவின் முறை. இலட்சக்கணக்கான செல்களின் மரபணுச் செயல்பாட்டுத் தரவுகளை விழுங்கவைத்து, ஒரு மரபணுவை அணைத்தால் செல் எப்படி மாறும் என்று சொல்லப் பழக்குகிறார்கள். மெய்நிகர் செல் என்று விளம்பரம். 2025இல் வெளியான ஒரு சோதனையில் இத்தகைய பெரிய மாதிரிகள் சிலவற்றை மிக எளிய நேர்கோட்டுக் கணக்கோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எளிய கணக்கை அவை வெல்லவில்லை. இது மாறலாம், வேகமாகவே மாறலாம். என் தயக்கம் வேறு. ஹாட்ஜ்கினின் சமன்பாடோ கோவர்ட்டின் பேரேடோ தவறினால் எந்தப் பத்தியில் தவறியது என்று விரல்வைத்துக் காட்ட முடியும். கோடிக்கணக்கான எடைகளாக உருகிக் கலந்துவிட்ட மாதிரி தவறினால் தவறியது என்பது மட்டும் தெரிகிறது. இன்னும் தரவு கொடு என்பதைத் தவிர அது திருப்பிச் சொல்வது எதுவுமில்லை. மருந்து தேட அது உதவக்கூடும். அறிவதற்கு உதவுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

உண்டாக்குவதும் அறிவதும் வேறு வேறு என்பதற்கு ஓர் உதாரணம்: 2016இல் கிரெய்க் வென்டரின் நிறுவனம், உயிர் வாழத் தேவையானதை மட்டும் விட்டு மற்ற எல்லாவற்றையும் நீக்கிய ஒரு பாக்டீரியாவை ஆய்வகத்தில் உண்டாக்கியது. அதில் 473 மரபணுக்கள். ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்து, எடுத்தால் செத்துவிடும் அல்லது தளர்ந்துவிடும் என்று தெரிந்த பிறகு விட்டுவைத்தவை. அவற்றில் 149 மரபணுக்கள் என்ன வேலை செய்கின்றன என்பது அதை உண்டாக்கியவர்களுக்கே அப்போது தெரியவில்லை. அந்தச் செல்லின் நெருங்கிய உறவான, 493 மரபணுக்கள் கொண்ட இன்னொன்றை இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சைடா லூதி-ஷுல்டன் குழு கணினியில் முப்பரிமாணத்தில் ஓட்டிக் காட்டி 2022இல் வெளியிட்டது. ஓட்டியது செல்லின் வாழ்வில் இருபது நிமிடம். பணிவான இலக்கு, கணக்குக் காட்டக்கூடிய இலக்கு.

கணிதத்துக்குப் பயந்து உயிரியல் எடுத்தவர்களும், உயிரியலுக்குப் பயந்து கணிதம் எடுத்தவர்களும் நம் கல்லூரிகளில் நிறைய. இந்தத் துறை இரு சாராரையும் கேட்கிறது. பெரிய ஆய்வகம் கேட்பதில்லை. ஸ்டான்ஃபோர்ட் குழுவின் மாதிரிகள் எழுதப்பட்ட நிரல்கள் யாரும் இறக்கிக்கொள்ளத் திறந்தே இருக்கின்றன. காசநோய்க் கணக்கில் பங்குகொண்ட கார்த்திக் ராமன் இப்போது சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர். இத்துறைக்கு அவர் எடுத்த பாடங்கள் என்பிடெல் இணையத் தளத்தில் முழுதும் கிடைக்கின்றன, பார்க்கக் கட்டணம் இல்லை.